போர்மேனுக்கு ஞாபகம் திரும்பியது

போர்மேனுக்கு மறதி வந்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவள் ராசாத்திதான். ஆனால் அந்தப் பெருமையைப் பொன்னுசாமி தன் கணக்கில் எழுதிக்கொண்டார். கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகக் காலம் தள்ளிய மனுஷன். உலகத்தில் எங்கே குறை இருந்தாலும் அதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

போர்மேன் என்பது நாய். செவலை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். குட்டியாக இருந்தபோது கம்பெனி ஸ்கிராப் யார்டிலிருந்து பொன்னுசாமியின் பின்னாலேயே ஓசூர் வீதிகளில் ஓடிவந்து வீட்டில் சேர்ந்துகொண்டது. வந்த மறுநாளே வேலையையும் ஆரம்பித்துவிட்டது. ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் கேட்டருகே உட்கார்ந்துகொள்ளும். நேரம் ஆகியும் ஆள் வெளியே வரவில்லை என்றால் குரைத்தே கிளப்பும். அந்தக் காம்பவுண்டில் மூன்று வீடுகள். முன்வீடு வீட்டுக்காரர் ஆஞ்சப்பனுடையது. பின்னால் ஒன்றில் பொன்னுசாமி, இன்னொன்றில் முனிவேல். மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி, ஷிப்ட் மாற்றி மாற்றி ஒன்றாகப் போகிற ஒரே ரிலே. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மதிய ஷிப்ட், அதற்கடுத்த வாரம் நைட். மூன்று பேரையும் கேட்டைத் தாண்ட வைத்துவிட்டுத்தான் நாய் தன் கோணிப்பைக்குப் போய்ப் படுக்கும். போர்மேன் என்ற பெயரை வைத்தது முனிவேல்தான்.

ஆஞ்சப்பன் இரண்டு வருடத்துக்கு முன் ரிட்டயர் ஆனார். மாலை, சால்வை, குரூப் போட்டோ எல்லாம் முடித்து, கம்பெனி பஸ்ஸிலேயே ரிலே ஆட்கள் அத்தனை பேரும் வந்து, அவரை வீட்டு வாசலில் மனைவி மாத்தம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அதுதான் அங்கே வழக்கம். பொன்னுசாமிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன கார்த்திகையில் கம்பெனி வி.ஆர்.எஸ். அறிவித்தது. விருப்ப ஓய்வு என்று பெயர், விருப்பம் முழுக்கக் கம்பெனியுடையது. கையெழுத்துப் போட்டுவிட்டு, டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினார். அன்றிலிருந்து பால் வாங்கக்கூடப் பஸ் ஸ்டாப் வழியாகப் போவதில்லை, பின் சந்து வழியாகச் சுற்றித்தான் போவார். அருப்புக்கோட்டையிலிருந்து சொந்தக்காரர்கள் போன் செய்தால் "ஷிப்டுக்குக் கெளம்பிட்டேன், அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுவார்.

நாய்க்கு மறதி தொடங்கியதும் அதே கார்த்திகையில்தான். கேட் திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, கீல் இருக்கிற பக்கத்தில் போய் நின்றுகொண்டு திறக்கும் திறக்கும் என்று காத்திருந்தது. தண்ணீர்ச் சட்டியைப் பார்த்துக் குரைத்தது. குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த ராசாத்தியைத் திருடியாக நினைத்து உறுமியது. நாளெல்லாம் சோறு போடுகிற கையைப் பார்த்து உறுமினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அட நன்றி கெட்டவனே, நான்டா ராசாத்தி" என்று தன்னைத்தானே நாய்க்கு அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ராத்திரியானால் நேரம் காலம் இல்லாமல் சுவரைப் பார்த்து ஒரே குரைப்பு.

"இன்னா பொன்னுசாமி, உன் நாய் சுவத்துல யாரப் பாத்துக் கொலைக்குது? எங்கப்பன் படம் அந்தாண்ட பக்கம்தான மாட்டிக்கீது!" என்று ஆஞ்சப்பன் வந்து கத்தினார். கோபம் முற்றினால் அவருக்குத் தமிழ் போதாது, தெலுங்குக்குத் தாவிவிடுவார். அன்று பாதித் திட்டு தெலுங்கில் நடந்தது.

நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாகலூர் ரோட்டில் இருந்த கால்நடை டாக்டரிடம் போனார்கள். டாக்டர் வினிதா, சின்ன வயசுப் பெண். போர்மேனின் கண்ணையும் பல்லையும் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"பகல்ல தூங்கிட்டு ராத்திரியில முழிச்சிட்டிருக்கா?"

"ஆமாங்க" என்றாள் ராசாத்தி.

"கூப்பிட்டா காதுல விழாத மாதிரியே இருக்கா?"

"ஆமாங்க."

"எதுக்குன்னே தெரியாம ஒரு ரூமுக்குள்ள போய் நின்னுட்டு, சும்மா திரும்பி வருதா? முந்தி மாதிரி யார்கிட்டயும் ஒட்டாம, மூலையில சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா?"

"ஆமாங்க டாக்டர். இப்ப நாயும் அப்படித்தான் பண்ணுது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். பொன்னுசாமி இருமிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

வயதான மனிதருக்கு வருவதுபோல நாய்க்கும் பூனைக்கும் மூளை தளரும் என்று டாக்டர் விளக்கினாள். முழுக்கச் சரிசெய்ய முடியாது. ஆனால் ஒரு மாத்திரை இருக்கிறது, மனிதர்களுக்குக் கைநடுக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரைதான், சில நாய்களுக்கு நன்றாகவே கேட்கும். தினமும் காலையில் தவறாமல் கொடுக்க வேண்டும். பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம், அவசரப்படக் கூடாது.

மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் பேரு?" என்று கேட்டார்கள்.

"போர்மேன்" என்றார் பொன்னுசாமி.

"பாவம். எந்தக் கம்பெனி?"

அதற்குப் பொன்னுசாமி கம்பெனி பெயரைச் சொன்னதுதான் ராசாத்திக்குத் தாங்கவில்லை. வீடு வந்து சேரும்வரை ஆட்டோவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் மறுநாள் காலையோடு போயிற்று. மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். நாய் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துளி ஈரம்கூடப் படாமல் வெளியே வைத்தது. தயிர்சாதத்தில் பிசைந்து கொடுத்தால் சட்டியை நக்கி முடித்தபின் அடியில் மாத்திரை மட்டும் மினுங்கியது. "ரிஜெக்ட் பண்ணிருச்சு" என்றார் பொன்னுசாமி, ஒரு இன்ஸ்பெக்டர் இன்னொரு இன்ஸ்பெக்டரை மெச்சுகிற குரலில். மைசூர்பாகில் வைத்தபோது மாத்திரை யார் வயிற்றுக்குப் போனது என்பதில் ராசாத்திக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. அன்று சாயங்காலம் பொன்னுசாமி திடீரென்று, அவள் தம்பி என்றைக்கோ இரவல் வாங்கிப் போன ஸ்பேனர் செட்டைப் பற்றி விசாரித்தார். அவருக்கு அப்படியெல்லாம் தானாக ஞாபகம் வராது.

கடைசியில் வழி சொன்னது முன்வீட்டு மாத்தம்மாள். "இட்லி, சோறுன்னு மெல்லுறதையே குடுத்தா அது துப்பாம என்னா பண்ணும்? களி கிண்டி, உருண்டைக்குள்ள வச்சுக் குடு. களியை எவனாச்சும் கடிச்சுத் தின்பானா? முழுங்கத்தான செய்வாங்க!"

அந்த ஊர்க் களிக்கு அந்த ஊர் நாய் கட்டுப்பட்டது. உருண்டை தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அருப்புக்கோட்டையில் பிறந்த பொன்னுசாமிதான், இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும், பக்கத்தில் உட்கார்ந்து களியை மென்றுகொண்டிருந்தார். நாய் அவரை ஏளனமாகப் பார்த்தது.

மாசி போய்ப் பங்குனியும் போய்ச் சித்திரை பிறந்தபோது மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தது. ஒருநாள் ராசாத்தி குடத்தோடு வர, போர்மேன் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடிவந்தது. கேட்டில் கீல் பக்கத்தை விட்டுத் தாழ்ப்பாள் பக்கம் வந்து நின்றது. சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராசாத்திக்குக் கண் கலங்கிவிட்டது. பொன்னுசாமி தெருவில் பார்த்த ஆளையெல்லாம் நிறுத்தி மாத்திரையின் பெருமையைச் சொன்னார். ஒருவரிடம், அவருடைய மாமியாருக்கும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது அதற்கடுத்த வாரம். விடிவதற்கு முன், முனிவேல் காலை ஷிப்டுக்குக் கிளம்பிக் கேட்டைத் திறந்ததும் போர்மேன் குரைக்கத் தொடங்கியது. முன்பு குரைத்ததுபோல எங்கோ பார்த்துக்கொண்டு ஊளையிடுகிற குரைப்பு இல்லை. தெளிவான, அழுத்தமான, விடாப்பிடியான குரைப்பு. அடுத்த வாரம் முனிவேல் மதியம் கிளம்பும்போது குரைத்தது. அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்ட். முனிவேல் போன பின்னும் விட்டு விட்டு விடியும்வரை குரைத்தது. ஆஞ்சப்பன் தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார், அங்கிருந்து கொசுக்கடியோடு தெலுங்கில் முழங்கினார்.

பொன்னுசாமி கம்பெனி முறையில் இறங்கினார். அங்கே எந்தக் கோளாறு வந்தாலும் ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்தபடி 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்பார்கள். ஐந்தாவது 'ஏன்' வரும்போது மூல காரணம் கையில் சிக்கும். இப்படிக் கேட்டே அவர் ஒருமுறை பரிசாகச் சுவர்க் கடிகாரம் வாங்கியிருக்கிறார். இப்போது நாயின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நாய் ஏன் கொலைக்குது? முனிவேலப் பாத்து. ஏன் முனிவேலப் பாத்துக் கொலைக்குது? அவன் மேல ஏதோ கோவம். ஏன் கோவம்? அவன் பூட்ஸ் சத்தம் பிடிக்கல. ஏன் பிடிக்கல?"

"ஏன்னா அது நாய்" என்றாள் ராசாத்தி உள்ளேயிருந்து.

முனிவேல் தங்கமான பிள்ளை. மறுநாளிலிருந்து பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக் கோழியைத் தூக்கப் போகிறவனைப் போல நுனிக்காலில் கேட்டுக்கு நடந்தான். தலைக்கு எண்ணெய் வைப்பதையும் விட்டுப் பார்த்தான். பெண் பார்க்கிற வயசில் இருக்கிறவன் இந்தக் கோலத்தில் தெருவில் போவதைப் பார்த்து ராசாத்திக்குத்தான் கஷ்டமாக இருந்தது. நாய் அவனைக் கண்டால் வாலை ஆட்டியது, கையை நக்கியது, அவன் கேட்டைத் தாண்டியதும் குரைத்தது.

ராசாத்தி டாக்டருக்குப் போன் செய்தாள். "மறதிக்கு மாத்திர குடுத்தீங்க, நல்லாருக்கு. இப்ப கொஞ்சமா மறக்கிறதுக்கு ஏதாச்சும் இருந்தா குடுங்களேன்."

டாக்டர் சிரித்தாள். "அப்படி ஒண்ணு இருந்தா நானே சாப்பிடுவேன்மா. மாத்திரையை நிறுத்தினா பழைய குழப்பம் திரும்பிடும், உங்களையே அதுக்குத் தெரியாம போகலாம். இப்ப குரைக்கிறது வியாதி மாதிரி தெரியலையே. ஏதோ ஞாபகம் வந்து கேட்குது போல. என்னன்னு பாருங்க."

பார்க்க அவகாசம் இருந்தால்தானே? அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஞ்சப்பன் முடிவு சொல்லிவிட்டார். "பொன்னுசாமி, உன்கூட எனக்கு ஒண்ணும் சண்ட இல்ல. நாலு வார்த்த ஒழுங்கா பேசக்கூட முடியல, தூக்கம் இல்லாம மண்ட காயுது. வர்ற ஞாயித்துக்கெழம எம் மச்சான் வேப்பனப்பள்ளியில இருந்து டெம்போல மாங்கா ஏத்திக்கினு வர்றான். திரும்பிப் போறப்ப நாய ஏத்தி உட்டுடு. மாந்தோப்புல கெடக்கட்டும், கொலைச்சா கொரங்காவது ஓடும்."

பொன்னுசாமி உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மாந்தோப்பில் இதற்கு யார் களி கிண்டி மாத்திரை வைத்துக் கொடுப்பார்கள்? பத்து நாளில் மறதி முற்றி, எந்த மரத்தடியில் நிற்கிறோம் என்றுகூடத் தெரியாமல் நிற்கும். நாயை அனுப்பினால் இந்த மனுஷனும் அந்தச் சுவரைவிட்டுத் திரும்பமாட்டார் என்று ராசாத்திக்குத் தெரியும்.

அது மதிய ஷிப்ட் வாரம். புதன்கிழமை ராசாத்தி சமையலை முடித்தாள். புளிக்குழம்பு, பீர்க்கங்காய்ப் பொரியல். மனசெல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலேயே இருந்தது, கை பாட்டுக்கு வேலை பார்த்தது. வெளியே முனிவேல் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போனான். கேட் கிறீச்சிட்டது. போர்மேன் குரைத்தது. அவள் எரிச்சலோடு அதட்டலாம் என்று வாசலுக்கு வந்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். நாய் முனிவேலைப் பார்த்துக் குரைக்கவில்லை. முனிவேலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் மூக்கு நேராக அவர்கள் வீட்டு வாசலை நோக்கி, உள்ளே நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பொன்னுசாமியை நோக்கி இருந்தது. குரைப்பது, கேட்டைத் திரும்பிப் பார்ப்பது, மறுபடி அவரைப் பார்த்துக் குரைப்பது. ஆளைக் கிளப்புகிற அதே பழைய குரைப்பு.

இன்னொன்றையும் கவனித்தாள். அவளுடைய வலது கையில் டிபன் கேரியர் இருந்தது. அடுக்கு அடுக்காகச் சோறும் குழம்பும் பொரியலும் வைத்து, கிளிப் மாட்டி, மேலே ஸ்பூன்கூடச் செருகியிருந்தாள். எப்போது கட்டினாள்? யாருக்கு? போன நைட் ஷிப்ட் வாரம் முழுக்க ராத்திரி ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றி வைத்துவிட்டு, காலையில் அது அப்படியே இருப்பதைப் பார்த்து, யார் ஊற்றியது என்று அவரைத் திட்டியது நினைவுக்கு வந்தது. அதற்கடுத்த காலை ஷிப்ட் வாரத்தில் கோழி கூவுமுன் எழுந்து சட்னி அரைத்துவிட்டு, எதற்காக எழுந்தோம் என்று விளங்காமல் அடுப்படியில் நின்றதும் நினைவுக்கு வந்தது. நாயும் அவளும் வாசலின் இருபுறமும் நின்று, தூங்குகிற மனுஷனை ஷிப்டுக்கு அனுப்பக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"என்னங்க, எந்திரிங்க. உங்க அஞ்சாவது 'ஏன்' கெடச்சிருச்சு."

அவர் கண்ணைக் கசக்கினார்.

"நாய்க்குக் கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. உங்கள டூட்டிக்குக் கூப்பிடுது. நீங்க வேலைய விட்டு வந்தப்ப அதுக்குப் புத்தி கலங்கிக் கெடந்துச்சு. இப்ப மாத்திர தின்னு எல்லா ஞாபகமும் வந்திருச்சு. நீங்க நின்னுட்டது மட்டும் அதுக்குத் தெரியல. யாரு சொன்னா அதுக்கு?"

பொன்னுசாமி நாயைப் பார்த்தார். நாய் கேட்டைப் பார்த்தது. பாவி மனுஷன் உடனே இதற்கும் ஒரு டிரையல் பார்க்கலாம் என்றார்.

வியாழக்கிழமை மதியம் பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டார். வயிற்றுப் பக்கம் ஒரு பட்டன் மாட்டவில்லை. டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு முனிவேலோடு கேட்டைத் தாண்டினார். போர்மேன் வாலைச் சுழற்றிக்கொண்டு வழியனுப்பிவிட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் கோணிப்பையில் போய்ப் படுத்தது. ஆஞ்சப்பன் ஜன்னலைத் திறந்து, நாய் செத்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

ஆனால் போனவர் திரும்ப வர வேண்டுமே. பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் சந்துக்குள் நழுவி, டீக்கடைப் பின்பெஞ்சில் தன் சாப்பாட்டைத் தானே தின்றுவிட்டு அரைமணியில் வந்தார். போர்மேன் பாய்ந்து வந்து கேட்டை மறித்தது. ஷிப்ட் பாதியில் வீட்டுக்கு வருகிற ஆளை அது தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. உள்ளே விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது. பொன்னுசாமி சுற்றிக்கொண்டு பின்பக்கச் சுவரில் ஏறினார், ஏறியவர் மாத்தம்மாளின் துணி துவைக்கிற கல்லின்மேல் இறங்கினார். மாத்தம்மாள் "திருடன்! திருடன்!" என்று அலறி ஒரு வாளி சோப்புத் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கொட்டினாள்.

தலையைத் துவட்டிவிட்டபோது ராசாத்திக்கு அடுத்த யோசனை வந்தது. ஆஞ்சப்பன் வேலையில் இருந்தபோது அவரையும்தான் இந்த நாய் குரைத்துக் கிளப்பியது. மாலையும் சால்வையுமாக அவரை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்களே, அன்று அவர் காலிலிருந்து கழுத்துவரை முகர்ந்து பார்த்தது. மறுநாளிலிருந்து அவர் வாசலை அது திரும்பிப் பார்க்கவில்லை. அதன் புத்தகத்தில் ரிட்டயர் ஆவது என்றால் அதுதான்.

"உங்களுக்கும் ஒரு சென்டாஃப் வச்சிருவோம்."

பொன்னுசாமி துண்டைப் பிடுங்கி வீசினார். "நான் ரிட்டயர் ஆகலடி. வேணாம்னு அனுப்பினாங்க. எவன் மொகத்துல முழிச்சு மால போட்டுக்கிறது? கேட்ல செக்யூரிட்டி என் பையச் சோதிச்சுப் பாத்தான், அவ்வளவுதான் எனக்கு நடந்த சென்டாஃப்." இத்தனை மாதத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். ராசாத்தி அவர் ஈரத் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்காக இல்ல. அதுக்காக. ஞாயித்துக்கெழம டெம்போ வருது" என்றாள்.

வெளியே கேட்டுக்கொண்டே நின்ற முனிவேல் உள்ளே தலையை நீட்டினான். அன்று அவனுக்கு வண்டி தவறிவிட்டிருந்தது. "நான் பாத்துக்குறேண்ணா. ரிலேல எல்லாரும் கேட்டுக்கினேதான் இருக்காங்க, பொன்னுசாமியண்ணன் ஏன் ஸ்டாப்பு பக்கமே வர்றதில்லைன்னு."

வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்று, வழக்கத்தைவிட நீளமாக ஹாரன் அடித்தது. முந்தின ஸ்டாப்பிலேயே ஏற்றிக்கொண்ட பொன்னுசாமியை முன்னால் இறக்கிவிட்டு ரிலே மொத்தமும் பின்னால் இறங்கியது. கழுத்தில் ரோஜா மாலை தொடைவரை தொங்கியது. கத்திரி வெயிலில் சால்வை வேறு. வேர்த்து ஊற்றியது. ஒருவர் கன்னடத்தில் வாழ்த்தினார், ஒருவர் தெலுங்கில், ஒருவர் திருநெல்வேலித் தமிழில், எல்லோரும் ஒரே நேரத்தில். ஆஞ்சப்பன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். வந்தவர் உள்ளே ஓடித் தன்னுடைய சால்வையையும் எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து வரிசையில் நின்றுகொண்டார்.

கேட்டில் போர்மேன் நின்றது. தாழ்ப்பாள் பக்கத்தில் சரியாக நின்றது.

முனிவேல் குனிந்து அதனிடம் நேராகப் பேசினான். "போர்மேன் சார், எங்க பொன்னுசாமியண்ணன் பண்ணுன வேலையில இதுவரைக்கும் ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல. இன்னையோட அவருக்கு டூட்டி முடிஞ்சிது. பத்திரமா கொண்டாந்து ஒப்படைச்சிட்டோம். பாத்துக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. நாய் அவர் காலை முகர்ந்தது. சால்வை நுனியை முகர்ந்தது. பின்னங்காலில் எழுந்து நின்று மாலையை முகர்ந்தது, ஒரு ரோஜாவைத் தின்றது. பஸ் ஹாரன் அடித்தது. எல்லோரும் ஓடிப்போய் ஏறினார்கள். பொன்னுசாமி ஏறவில்லை. நாய் போகிற பஸ்ஸையும் நிற்கிற மனுஷனையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மெல்ல நடந்துபோய்க் கோணிப்பையில் படுத்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. பொன்னுசாமி மாலையோடு வாசற்படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அன்று சாயங்காலம் அருப்புக்கோட்டைக்குத் தானே போன் போட்டு, "எனக்கு இன்னைக்கு ரிட்டயர்மென்ட் பங்ஷன் நடந்துச்சு" என்று சத்தமாகச் சொன்னார்.

சனிக்கிழமைதான் பரீட்சை. மதியம் முனிவேல் பல நாள் கழித்துப் பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் தடவி, தட தடவென்று நடந்து வந்தான். ஆஞ்சப்பனும் மாத்தம்மாளும் ஜன்னலில் நின்றார்கள். பொன்னுசாமி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கேட் கிறீச்சிட்டது. போர்மேன் ஒரு கண்ணைத் திறந்தது. முனிவேலைப் பார்த்தது. வாசல் ஆணியில் தொங்கிய மாலையைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டது.

"டெம்போவ நாய் இல்லாமயே அனுப்பிடறேம்ப்பா" என்று ஆஞ்சப்பன் ஜன்னல் வழியே கத்தினார். சந்தோஷத்தில் பொன்னுசாமி திரும்பி ராசாத்தியைக் கூப்பிட்டார்.

ராசாத்தி வாசலில் நின்றிருந்தாள். கையில் டிபன் கேரியர். கிளிப் மாட்டி, மேலே ஸ்பூன் செருகி.

அவள் தன் கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நாய்க்குப் புரிஞ்சிருச்சு" என்றாள். "எனக்குத்தான் யாரும் சொல்லல."

பொன்னுசாமி எழுந்துபோய் ஆணியிலிருந்து மாலையை எடுத்தார். ரோஜாக்கள் வாடியிருந்தன, ஒன்று நாயின் வயிற்றில் இருந்தது. மாலையைக் கொண்டுவந்து அவள் கழுத்தில் போட்டார், சால்வையைப் போர்த்திவிட்டார். கேரியரை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். கூச்சத்தில் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. முன்வீட்டு ஜன்னலில் மாத்தம்மாள் கைதட்டினாள்.

போர்மேன் எழுந்து வந்தது. ராசாத்தியைக் காலிலிருந்து தொடங்கி முகர்ந்தது. முழுசாக முகர்ந்து முடித்துவிட்டு அவள் காலடியிலேயே படுத்துக்கொண்டது.

அடுத்த காலை ஷிப்ட் வாரத்தில் முனிவேல் தனியாக எழுந்து, தனியாகக் கேட்டைத் திறந்து போனான். பின்வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பால்காரர் வந்து வெகுநேரம் கதவைத் தட்டினார். கடைசியில் நாய்தான் எழுந்து வந்து, தூங்குகிறவர்களை எழுப்பாதே என்று அவரைப் பார்த்து உறுமியது.